கடித்த நாயைப் பார்க்காதீர்கள், கடிபட்ட இடத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தெருநாய்த் தொல்லை பற்றி உங்கள் நாளிதழில் வாசகர் கடிதம் வராத வாரம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று ஊர்ப் பெயர் மாறுகிறது, புகார் ஒன்றுதான்: நாய்களைப் பிடியுங்கள். பிடிக்கட்டும், கருத்தடை செய்யட்டும், தடுப்பூசி போடட்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடிபட்டவர் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதக் காணோம். பொது சுகாதாரத் துறையிலும் கால்நடைத் துறையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். சுருக்கினால் அளவும் தேதியும் உதிர்ந்துவிடும், அவை இல்லாமல் அச்சிட்டுப் பயனில்லை.

ரேபிஸ் வந்தால் பிழைக்க மாட்டார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வுப் படிவம் கொடுத்துக் கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள். ஆனால் உண்மையில் கடி விழுந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி வேறு. ‘எந்த நாய்? நம்ம தெரு நாயா? பார்த்தால் வெறி பிடித்தது போலவா இருந்தது? குட்டியா, பெரியதா?’ நாய் நல்ல நாய் என்று தீர்ப்பானதும் ஊசி தள்ளிப் போகிறது. இந்த விசாரணைதான் ஆளைக் கொல்கிறது. கடித்த நாயின் முகத்தை வைத்து ரேபிஸ் உண்டா இல்லையா என்று சொல்ல கால்நடை மருத்துவராலும் முடியாது. நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே நாயின் எச்சிலில் வைரஸ் வந்துவிடும். அந்த நாட்களில் அது வழக்கம்போல வாலாட்டும், சோறு தின்னும், வாசலில் படுக்கும்.

ஏன் இந்த மெத்தனம் என்றால் அதற்கும் காரணம் உண்டு. 2024-இல் தமிழகத்தில் ஏறத்தாழ 4.8 லட்சம் பேரை நாய் கடித்ததாகவும், ரேபிஸால் 43 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு. கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேபிஸ் கிடையாது என்பதும், கடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்பதும்தான் இந்த இடைவெளிக்குக் காரணம். ஆகவே பச்சிலை தின்றவரும் பிழைக்கிறார், மந்திரித்துக் கயிறு கட்டியவரும் பிழைக்கிறார், ஒன்றும் செய்யாதவரும் பிழைக்கிறார். பச்சிலை கொடுக்கிறவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் வந்துவிடுகிறது. ரேபிஸ் உள்ள நாய் கடித்த அந்த ஒருவர் இரண்டு மூன்று மாதம் கழித்து வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இறப்பார். பச்சிலைக்கும் அந்தச் சாவுக்கும் முடிச்சுப் போட அதற்குள் யாருக்கும் நினைவு இருக்காது. காய்ச்சல், மூளைக்காய்ச்சல் என்று பேசி முடித்துவிடுவார்கள். கடித்ததற்கும் நோய் வருவதற்கும் நடுவே இருக்கும் இந்தக் காலம்தான் மூடநம்பிக்கையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் நம்மைக் காப்பாற்றக் கிடைத்திருப்பதும் அதே காலம்தான். எச்சில் வழியே புண்ணுக்குள் போன வைரஸ் இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஒரு வாரத்தில் வந்ததும் உண்டு, ஓராண்டு கழித்து வந்ததும் உண்டு. முகம், தலை, கழுத்து, விரல் நுனி ஆகிய இடங்களில் கடி விழுந்தால் நாள் குறையும். ஒன்று மூளைக்கு அருகே இருக்கிறது, இன்னொன்றில் நரம்பு நெருக்கமாக ஓடுகிறது. சிறு பிள்ளைகளின் உயரத்துக்கு நாயின் வாய் முகத்துக்கு நேராக வருகிறது. உலக அளவில் ரேபிஸ் மரணங்களில் பத்துக்கு நான்கு 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுடையவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கடி விழுந்ததும் முதல் மருந்து சோப்பும் தண்ணீரும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில், சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும், உறை போனால் வைரஸ் செத்தது. குளிக்கிற சோப்பு, துணி சோப்பு எதுவானாலும் சரி. பல் இறங்கிய குழியின் வாயை லேசாக விலக்கி உள்ளேயும் நுரை போகும்படி கழுவ வேண்டும். வலிக்கும், இரத்தம் கொஞ்சம் கூட வரும், பரவாயில்லை. பெரும்பாலோர் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றித் துண்டால் துடைத்துவிட்டு ‘கழுவியாச்சு’ என்கிறார்கள். ஊரணிப் படிக்கட்டில் இறங்கிக் காலை நனைத்துவிட்டு ஏறுவதும் கழுவியதாகாது. குழாய் இல்லாத இடத்தில் ஊரணித் தண்ணீரையே வாளியில் மொண்டு, ஒருவர் ஊற்ற ஒருவர் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு மூன்று வாளி ஆகும். ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும், மறுநாள் போனாலும்கூட, முதலில் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. நேரமாகிவிட்டதே என்று கழுவாமல் விடாதீர்கள்.

கழுவிய பின் போவிடோன் அயோடின் என்ற பழுப்பு மருந்து இருந்தால் தடவலாம். வேறு எதுவும் வேண்டாம். மஞ்சள் பொடி, மிளகாய்ப் பொடி, வெற்றிலைச் சுண்ணாம்பு, காப்பித்தூள், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று நம் வீடுகளில் அப்பாத பொருள் இல்லை. எரிந்தால் விஷம் சாகிறது என்று ஒரு கணக்கு. எரிவது நம் சதைதான், வைரஸ் அல்ல. புண் வெந்து போவதோடு, மருத்துவர் புண்ணுக்குள் மருந்து செலுத்துவதற்கு முன் அந்த அப்பலைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரமும் வீண், வலியும் இரட்டிப்பு. அப்பத்தா அன்போடு அப்பியதுதான், அவர் மேல் கோபம் வேண்டாம். ஆனால் அன்பைச் சோப்பில் காட்டச் சொல்லுங்கள். பாம்புக்கடிக்குக் கட்டுவது போலக் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். இறுக்கிக் கட்டுப்போடுவதும் கூடாது. தையலும் உடனே கூடாது. புண் பெரிதாகிக் கட்டாயம் தைக்க வேண்டியிருந்தால், கீழே சொல்லப்போகும் சீரம் ஊசியைப் புண்ணைச் சுற்றிப் போட்டுச் சில மணி நேரம் பொறுத்து, தளர்வாக ஒன்றிரண்டு தையல்தான் போட வேண்டும். முகக் காயத்தைப் பார்த்துப் பதறி ‘தழும்பு விழாமல் நெருக்கித் தைத்துவிடுங்கள்’ என்று பெற்றோர் நெருக்குவது உண்டு. ஊசி நுனி வைரஸை இன்னும் ஆழமாக இறக்கிவிடும் என்பதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

கடியை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். தொட்டது, சோறு வைத்தது, காயமில்லாத தோலை நக்கியது முதல் வகை. கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. பல் லேசாகப் பட்டது, இரத்தம் வராத கீறல், நகப் பிராண்டல் இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். ‘நகம்தானே பட்டது’ என்று விடக்கூடாது, நாய் தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி. தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே உள்ள புண்ணை நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. ஒரு பல் பட்ட ஒற்றைப் புள்ளியானாலும் இரத்தம் வந்தால் மூன்றாம் வகைதான். இதற்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். வேட்டிக்கு மேலே கடித்தது, சேலைக்கு மேலே கடித்தது என்றால் துணியை விலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். துணி கிழியாமலே தோல் கிழிந்திருக்கலாம்.

பூனை, குரங்கு, கீரி, நரி கடித்தாலும் இதே கணக்கு. எலி, அணில், முயல் கடிக்கு வழக்கமாக ரேபிஸ் ஊசி தேவைப்படாது.

அடிக்கடி நடக்கிற ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடிபட்டவர் பக்கத்தில் உள்ள கிளினிக்குக்கோ மருந்துக் கடைக்கோ போகிறார். ‘டிடி’ ஊசி ஒன்று போட்டு நான்கு மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ‘ஊசி போட்டாச்சு’ என்கிறார். டிடி என்பது இரண ஜன்னிக்கான தடுப்பூசி. அதுவும் வேண்டியதுதான், ஆனால் ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே ஊசி போடுபவரிடம் ‘இது வெறிநாய்க்கடி ஊசியா, டிடியா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். சீட்டில் ‘ஏஆர்வி’ (வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் சுருக்கப் பெயர்) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஆர்வி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

தடுப்பூசிக்குள் இரண்டு முறை உண்டு. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடுவார்கள்: இரண்டு கைகளின் மேற்புறத்திலும் தலா 0.1 மில்லி, நாட்கள் 0, 3, 7, 28. தனியார் இடங்களில் சதையில் போடுவது வழக்கம்: ஒரு முழுக் குப்பி, நாட்கள் 0, 3, 7, 14, 28. இரண்டும் சமம். தோலுக்குள் போடுவது அளவு குறைவு என்பதால் மட்டமான ஊசி என்று நினைப்பது தவறு. தோலில் எதிர்ப்புச் செல்கள் நெருக்கமாக இருப்பதால் குறைந்த மருந்தே போதும். ஆனால் அதற்குக் கை பழக வேண்டும். சரியாகப் போட்டால் அந்த இடத்தில் கொசு கடித்த தடிப்பு போல ஒரு சிறு மேடு எழும்பும். மேடு எழும்பாமல் மருந்து உள்ளே இறங்கிவிட்டாலோ வெளியே கசிந்துவிட்டாலோ பக்கத்தில் இன்னொரு முறை போட வேண்டும். எழும்பியதா என்று நீங்களே பார்க்கலாம், கேட்கலாம். எந்த முறையானாலும் புட்டத்தில் போடவே கூடாது. அங்கே கொழுப்பில் மருந்து தங்கிவிடும், எதிர்ப்பு சரியாக உருவாகாது. பெரியவர்களுக்குத் தோள்பட்டைக்குக் கீழே, கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறம்.

0 நாள் என்பது கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள். திங்கள்கிழமை முதல் ஊசி என்றால் வியாழன் இரண்டாவது, அடுத்த திங்கள் மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள் கடைசி. இந்தக் கடைசி ஊசியில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள். புண் ஆறிவிட்டது, நாயும் உயிரோடு தெருவில் திரிகிறது, ஒரு நாள் கூலி போகிறது, பஸ்ஸுக்குக் காசு ஆகிறது. ஒரு நாள் தவறினால் மறுநாளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘தேதி தப்பிவிட்டது, திட்டுவார்கள்’ என்று பயந்து போகாமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஊசி போடும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தேதி தப்பி வருகிறவரைத் திட்டாதீர்கள். வந்தாரே, அது போதும்.

ஒரு குப்பியைத் திறந்துவிட்டால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டியதுதான். மருந்து வீணாகக்கூடாது என்று ‘இன்னும் ரெண்டு பேர் வரட்டும்’ என்றோ, ‘நாளைக்கு வாங்க’ என்றோ சில இடங்களில் சொல்வது இதனால்தான். சிக்கனம் நல்லதுதான், ஆனால் முதல் ஊசியில் அந்தச் சிக்கனம் கூடாது. நாளைக்கு வரச் சொன்னால் நாளைக்கு வராமல் போகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து சீரம். ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்பது இதன் பெயர். தடுப்பூசி போட்டவுடன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் புண்ணுக்குள் இருக்கும் வைரஸைக் கட்டிப்போட, வேறு உடலில் தயாரான எதிர்ப்பொருளைப் புண்ணிலேயே நேராகச் செலுத்துகிறார்கள். குதிரையிலிருந்து எடுக்கும் சீரம் என்றால் உடல் எடை கிலோவுக்கு 40 யூனிட், உச்சம் 3,000. மனிதரிடமிருந்து எடுப்பது என்றால் கிலோவுக்கு 20 யூனிட். குதிரைச் சீரம் ஒரு மில்லியில் 300 யூனிட் இருக்கும். 15 கிலோ பிள்ளைக்கு 600 யூனிட், அதாவது 2 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 2,400 யூனிட், 8 மில்லி. ஆகவே எடை பார்க்காமல் எல்லோருக்கும் ஒரு குப்பி என்று போட்டால் கணக்கு உதைக்கும். ஆய்வகத்தில் உருவாக்கிய மோனோகுளோனல் எதிர்ப்பொருளும் இப்போது வந்துவிட்டது, அதற்கு அளவு வேறு.

இதை எங்கே போடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு கடியின் குழிக்குள்ளும் அதன் ஓரத்திலும் போட வேண்டும். நான்கு இடத்தில் கடி இருந்தால் நான்கிலும். மருந்து போதாவிட்டால் உப்புநீர் சேர்த்து இரண்டு மூன்று மடங்காக்கி எல்லாப் புண்ணுக்கும் பங்கிட வேண்டும். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில் இருக்கிற சின்னக் கடி ஒன்று கண்ணில் படாமல் தப்பினால் அந்த ஒன்றே போதும். பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் முழுக்கத் துணி களைந்து பாருங்கள். விரல் நுனியில் இடம் குறைவு, அங்கே கொஞ்சமாக மெல்லத்தான் செலுத்த முடியும். பிள்ளை கதறும், பார்க்கிறவர் மனம் கேட்காது. ‘கையில போட்டுருங்க சார், புண்ணுல வேணாம்’ என்று கெஞ்சிப் புண்ணில் போடாமல் தப்பிக்க வைத்துவிடாதீர்கள். சீரத்தை முதல் ஊசி நாளிலேயே போட வேண்டும். அன்று கிடைக்காவிட்டால் முதல் ஊசியிலிருந்து 7-ஆம் நாளுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு பயனில்லை, உடம்பே எதிர்ப்பு உருவாக்கத் தொடங்கியிருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், தடுப்பூசி பக்கத்து ஊரிலேயே கிடைக்கும், சீரத்துக்குப் பல நேரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். இந்தப் பக்கத்து ஊர்க்காரர் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், ராங்கியம், அரிமளம், திருமயம் பக்கத்தார் புதுக்கோட்டைக்கும் போக வேண்டியிருக்கும். முதல் ஊசி போட்டதும் ‘வந்த வேலை முடிந்தது’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ‘சிவகங்கைக்குப் போங்க’ என்று சீட்டில் எழுதியிருப்பதை ‘கேஸ் பெரிசு’ என்று மிரட்டுவதாகவோ, தட்டிக் கழிப்பதாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் வகைக் கடிக்குத் தடுப்பூசி மட்டும் போட்டுச் சீரத்தை விட்டவர்கள் ஊசி போட்டும் இறந்ததாகப் பேச்சு கிளம்புவதற்கு இது ஒரு பெரிய காரணம். ‘ஊசி போட்டும் செத்தாரே’ என்ற அந்த ஒரு பேச்சு எத்தனை பேரைப் பச்சிலைக்குத் திருப்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி, 16 ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. ஒரு காலத்தில் அது உண்மைதான். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் போட்டார்கள். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய பிறகு தென்னாட்டில் நாய்க்கடி பட்டவர்கள் ரயிலேறி மலைக்குப் போன காலமும் இருந்தது. அந்த ஆட்டு மூளை மருந்து 2004 கடைசியோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இருபது ஆண்டு கடந்தும் பிள்ளைகளை அடக்க ‘தொப்புள்ல ஊசி போடச் சொல்லிருவேன்’ என்று மிரட்டுகிறோம். விளைவு, நாய் கடித்ததைப் பிள்ளை வீட்டில் சொல்வதே இல்லை. காலுறைக்குள் மறைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடங்களில் ரேபிஸ் தினம் என்று செப்டம்பர் 28-இல் ஓவியப் போட்டி வைப்பதைவிட, ‘நாய் பிராண்டினால் உடனே டீச்சரிடம் சொல், யாரும் அடிக்க மாட்டார்கள்’ என்று மாதம் ஒரு முறை இறைவணக்கத்தில் சொன்னால் நல்லது.

பத்தியம் எதுவும் கிடையாது. கறி, மீன், கருவாடு, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம், குளிக்கலாம். கோழிக் குழம்பு வைத்த நாளில் ஊசிக்குப் போகாமல் இருப்பது வேடிக்கையாகத் தெரியலாம், நடக்கிறது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், போட்டே ஆக வேண்டும். குடித்திருந்தாலும் அன்றைய ஊசியைத் தள்ளிப் போடக்கூடாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இரண்டாம் வகைக் கடிக்கே சீரம் தேவைப்படும்.

கல்யாணம், சாந்தி, கோயில் படைப்பு என்று ஊருக்கு வந்த இடத்தில் கடிபட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஊசிச் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்தின் பெயர், தோலுக்குள்ளா சதையிலா, எந்தத் தேதி, சீரம் எவ்வளவு என்ற நான்கும் இருக்க வேண்டும். போன இடத்தில் வேறு கம்பெனி மருந்துதான் கிடைக்கிறது என்றால் அதையே போட்டுத் தொடரலாம். தைமாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களும் இப்படித்தான். விடியுமுன் நடக்கையில் நாய் கடித்தால் ‘பழனி போய்த் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம், முருகன் இருக்கிறான்’ என்று நடையைத் தொடர வேண்டாம். சிங்கம்புணரியிலும் நத்தத்திலும் திண்டுக்கல்லிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. முதல் ஊசியை ஓரிடத்திலும் இரண்டாவதை அடுத்த ஊரிலும் போட்டுக்கொண்டே நடக்கலாம். விரதம் கெடாது.

முன்பு ஒருமுறை முழு ஊசியும் போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், சீரம் வேண்டாம். பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாயைப் பத்து நாள் பார்க்கச் சொல்வார்களே என்று கேட்கலாம். நாய், பூனை இரண்டுக்கு மட்டுமே பொருந்துகிற விதி அது. பத்து நாள் கழித்தும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பத்து நாள் பார்த்துவிட்டுத் தொடங்குவது என்று தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் ஏராளம். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால் அந்தப் பார்வைக்கும் வழி போய்விடுகிறது. வெறி என்றால் எச்சில் ஒழுக, வாலை மடக்கி, கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் என்பது பாதி உண்மைதான். இன்னொரு வகை உண்டு. கீழ்த்தாடை தொங்கி, குரல் மாறி, இருட்டு மூலையில் சுருண்டு கிடக்கும். ‘பாவம், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது’ என்று வாயில் கைவிட்டுப் பார்க்கிற இரக்கக்காரர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டுக்கு ரேபிஸ் வந்தாலும் இதே கதை: எச்சில் ஊற்றும், தண்ணீர் விழுங்காது, குரல் கரகரக்க ஓயாமல் கத்தும். கிழங்கோ மாங்கொட்டையோ அடைத்துவிட்டது என்று வாய்க்குள் முழங்கை வரை கைவிடுகிறார்கள். அப்படிக் கத்துகிற மாட்டின் வாயில் கைவிடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கைவிட்டவர்கள் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு ஊசி தேவையில்லை, ஆனால் மேற்கொண்டு கறக்க வேண்டாம்.

நாய்க்குச் சோறு வைப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. வைரவன்பட்டியிலும் இலுப்பைக்குடியிலும் வைரவரைக் கும்பிட்டுவிட்டு அவருடைய வாகனத்தைக் கல்லால் அடிக்கச் சொல்ல முடியுமா? சோறு வைக்கிற கையே ஊசிக்கும் ஏற்பாடு செய்தால் தெருவுக்கே புண்ணியம். நாய்க்கு முதல் தடுப்பூசி மூன்று மாத வயதில், பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். ஒரு ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளமானவை. விசேஷம் முடிந்ததும் எச்சில் இலை முழுக்கப் பின்தெருவில் போய் விழுகிறது. முகப்பில் கோலம், பின்னால் முப்பது நாய். விசேஷம் முடிந்து வீடு பூட்டியதும் அந்த நாய்கள் பசியோடு அந்தத் தெருவிலேயே நிற்கும், அந்த வழியே ட்யூஷன் போகிற பிள்ளையைத்தான் துரத்தும். சமையல் ஒப்பந்தம் பேசும்போதே இலை அள்ளும் வண்டிக்கும் சேர்த்துப் பேசிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

நோய் வந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடித்த இடத்தில் மதமதப்பு, அரிப்பு, காய்ச்சல் என்று தொடங்கி, தண்ணீரைக் கண்டாலும் காற்று முகத்தில் பட்டாலும் தொண்டை இழுத்துக்கொள்ளும். ஐந்தில் ஒருவருக்கு இந்தப் பதற்றம் இல்லாமல் கைகால் விழுந்து நோய் நகரும். அவர் நாய்போலக் குரைப்பார் என்பது கட்டுக்கதை. தொண்டைத் தசை இழுப்பதால் வரும் சத்தம் அது. அவருக்கு வேண்டியது இருட்டறையும் கட்டிப்போடுதலும் அல்ல. அமைதியான அறை, வலியும் பதற்றமும் தணிக்கிற மருந்து, பக்கத்தில் தெரிந்த முகம், இவைதான் வேண்டும். அவருடைய எச்சில் கண்ணிலோ வாயிலோ புண்ணிலோ பட்டவர்கள் ஊசி போட்டுக்கொண்டால் போதும். அந்த வீட்டில் துக்கத்துக்குப் போவதாலோ சாப்பிடுவதாலோ யாருக்கும் ஒன்றும் வராது. ஊரே ஒதுங்கி நிற்பதில் அர்த்தமில்லை.

மாநகராட்சியையும் சுகாதாரத் துறையையும் கேட்டுக்கொள்வது மூன்று காரியம். ஊசி போடும் ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், அருகில் சோப்பு, சுவரில் கடிகாரம். கழுவாமல் உள்ளே வருகிறவரை முதலில் அங்கே அனுப்பிவிடலாம். அடுத்தது, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகளில் சீரம் எந்நேரமும் இருப்பில் இருக்க வேண்டும், இருக்கிறதா இல்லையா என்று வாசல் பலகையில் அன்றன்று எழுத வேண்டும். மூன்றாவது, 28-ஆம் நாள் ஊசிக்கு வராதவர்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு போன் செய்ய வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான் ஐயா. ‘வெறிநாய் கடித்து 6 பேர் காயம்’ என்று செய்தி போடும் நாளில், நாயின் படத்துக்குப் பதிலாக அந்த இடத்தில் ‘15 நிமிடம் சோப்பு, ஏஆர்வி 0, 3, 7, 28, இரத்தம் வந்திருந்தால் சீரம்’ என்று பெட்டி கட்டிப் போடுங்கள். அந்த ஆறு பேரில் யாராவது ஒருவர் வீட்டில் உங்கள் பத்திரிகை வாங்குவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற பொது சுகாதார, கால்நடைத் துறைப் பணியாளர்கள் சிலர்,
காரைக்குடி.